திரும்பி வரும்போது வாசிக்கும் பாட்டு

எங்கள் சந்து பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், பட்டாளத்துக் கல்லறையை ஒட்டி இருந்தது. அப்பாமார் குழி வெட்டினார்கள், இல்லையென்றால் தோல் மண்டிக்குக் கூலிக்குப் போனார்கள். மாதா கோயில் திருநாளில் எல்லாத் தெருக்காரர்களும் தேருக்குப் பின்னால் போன பிறகு, கடைசியாக நாங்கள் நடப்போம். அப்படி யாரும் சட்டம் போடவில்லை. போடாமலேயே நடந்தது, அதுதான் எனக்கு எரிச்சல்.

எனக்குப் பதினாறு வயதானபோது, கோயில் சங்கத்தார் பட்டாளம் கழித்துப்போட்ட பாண்டு வாத்தியங்களை வாங்கி, எந்தத் தெருப் பிள்ளையும் வந்து வாசிக்கலாம் என்றார்கள். மற்ற தெருக்காரர்கள் நசுங்கிய பித்தளையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். எங்கள் சந்து மொத்தமாகப் போய் இறங்கியது. கார்னெட் என்கிற ஊதுகுழல் பக்கத்து வீட்டு அண்ணன் கைக்குப் போனது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் சுவரைப் பார்த்துப் பேசுகிறவர் அவர். டிரம்மை நான் பிடித்துக்கொண்டேன். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சொல்லித்தர ஆள் இல்லை. காதில் விழுந்ததை வாசித்தோம். நன்றாகத் தெரிந்தது ஒரே பாட்டு: பட்டாள பாண்டு எங்கள் சந்து வழியே வாசித்துப் போகும் துள்ளலான பாட்டு. அதையே மாதக்கணக்கில் போட்டுத் தேய்த்தோம். அந்த வருஷம் தேருக்கு முன்னால் நீங்கள்தான் என்று சாமியார் சொல்லிவிட்டார். சொதப்பினால் மறுபடி கடைசிதான் என்பது எங்களுக்குத் தெரியும்.

தேர் கிளம்பியது. நாங்கள் ஆரம்பித்தோம். பட்டாளத்தில் பாண்டு வாசித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார்.

“நிறுத்துங்க, நிறுத்துங்க! சிப்பாயைப் பொதைச்சுட்டுத் திரும்பி வர்றப்போ வாசிக்கிற பாட்டு இது! மாதா தேருக்கு முன்னாடியா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அண்ணன் கார்னெட்டை இறக்கிவிட்டுத் தரையைப் பார்த்தார். பெரியவர் சொன்னது நிஜம். ஆனால் சவப்பெட்டி போகும்போது எங்கள் அம்மாமார் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். சிப்பாய்கள் திரும்பும்போதுதான் கதவு திறக்கும். வெளியே ஓடிவந்து இந்தப் பாட்டைக் கேட்டு ஆடியே நாங்கள் வளர்ந்தோம். இதைச் சாவுப் பாட்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

“ஆமாங்க, அதே பாட்டுதான்” என்றேன். “பொதைக்கப் போறப்போ வாசிக்கிறது வேற. இது உசுரோட இருக்கிறவங்க வீட்டுக்குத் திரும்புற பாட்டு. எங்களுக்கு இதான் தெரியும், இதைத்தான் வாசிப்போம்.”

அண்ணன் பக்கம் திரும்பி, “ஊதுண்ணா” என்றேன். அவர் அசையவில்லை. நான் தனியாக அடிக்க ஆரம்பித்தேன். வெறும் டிரம், தெரு முழுக்கச் சிரிப்பு. ஆனாலும் நிறுத்தவில்லை. முனைக் கடையைத் தாண்டும்போது கார்னெட் சேர்ந்துகொண்டது. தலையை நிமிர்த்தி அவர் ஊதியதை அன்றுதான் பார்த்தேன். பின்னாலிருந்த எங்கள் சந்து சனம் ஒவ்வொருவராக முன்னே வந்து எங்களோடு நடந்தது. யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் நின்றிருக்க மாட்டோம்.

தெருக்களைச் சுற்றிவிட்டுத் தேர் கோயில் பக்கம் திரும்பியது. உதடு வீங்கி, அண்ணன் ஊதுவதை நிறுத்தியிருந்தார். அந்தப் பெரியவர் எங்களிடம் வந்தார். இன்னொரு சண்டைக்கு நான் தயாரானேன்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார். “மாதா வீட்டுக்குத் திரும்புறாங்க. வாசிங்க.”