சேத்துக்குப் பொட்டு வச்ச பத்துமலை அண்ணன்

பத்துமலை அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. சுங்காய் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவரு. கம்பெனி தோட்டத்த வித்ததும் புந்தோங்குக்குக் குடி வந்து, இப்ப ஈப்போவுல ஒரு ஆராய்ச்சி லேப்ல கான்ட்ராக்ட் வேலை. அந்தக் காலத்துல பால்கத்திக்குப் பொட்டு வச்ச கை. வருசா வருசம் ஆயுத பூசைக்கு மைக்ராஸ்கோப்பு, தராசு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வச்சிருவாரு. லேபப் பாத்துக்கிற டாக்டர் ஜூடித் வேதக்காரவங்க, சர்ச்சுக்குப் போறவங்க, இருந்தாலும் சிரிச்சிட்டு விட்டுருவாங்க.

போன வருசம் மனுசன் குளிர் ரூம் வரைக்கும் போயிட்டாரு. அங்க வடதுருவக் கடலுக்கு அடியிலேர்ந்து கொண்டாந்த சேறு, நீளக் குழாயப் பாதியாப் பொளந்து, பிளாஸ்டிக் சுத்தி வச்சிருந்தாங்க. "எல்லாத்துக்கும் வச்சிட்டு இத விட்டா கோவிச்சுக்கும்லா புனிதா"ன்னாரு. தரை துடைச்சிக்கிட்டிருந்த நானும் தலையாட்டித் தொலைச்சேன். பிளாஸ்டிக்கப் பிரிச்சு, சேத்து மேலயே நாலு பொட்டு!

மறுநாள் டாக்டர் பாத்துட்டு அப்படியே சுவத்துல சாஞ்சிட்டாங்க. "ஐயோ அண்ணே! இது ஒரு லட்சத்து இருவத்தஞ்சாயிரம் வருசத்துச் சேறு. வேற குழாயே கிடையாது!"

அண்ணன் முகத்துல ஈயாடல. அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். வேலை போச்சுன்னே நெனச்சேன்.

டாக்டர் மேல்சேத்தச் சுரண்டிட்டு, அடிச்சேத்தக் கழுவி மைக்ராஸ்கோப்புல வச்சாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, "தப்பிச்சீங்க அண்ணே, குங்குமம் உள்ள இறங்கல"ன்னாங்க. எங்களையும் பாக்கச் சொன்னாங்க. வெள்ளை வெள்ளையாப் பொடி ஓடு, கண்ணுக்குத் தெரியாத கடல் உயிருங்களோடது.

"இந்த உயிருங்க பனி மூடாத கடல்லதான் பெருகும். அப்ப கோடையில வடதுருவக் கடல்ல பனியே இல்லாம இருந்திருக்கும் போல."

"அம்மாடி! அப்ப யாரு காரு காடியும் ஃபேக்டரியும் ஓட்டினது?"ன்னாரு அண்ணன்.

"யாருமில்ல. பூமி சூரியனச் சுத்துற விதம் கொஞ்சம் மாறி அங்க வெயில் கூடிருச்சு. அதுக்கே அந்தக் கதி. இப்ப நம்ம புகையாலயே சூடு ஏறுது. இன்னும் இருவது முப்பது வருசத்துல திரும்பவும் அப்படி ஆகலாம்."

அண்ணன் விரல மடக்கினாரு. பேத்தி தினேஸ்வரிக்கு நாலு வயசு. "எம்பேத்தி கல்யாணத்துக்குள்ளயா?"

டாக்டர் ஆமான்னு தலையாட்டினாங்க. வேலை தப்பிச்ச சந்தோசம் அண்ணன் மூஞ்சில துளிகூட இல்ல.

சாயங்காலம் அவரு மோட்டர் சைக்கிள் முன்னாடி நின்னாரு. முதநாள் வச்ச பொட்டு பளிச்சுன்னு இருந்துச்சு.

"இதுக்குந்தான புனிதா நான் பொட்டு வச்சேன்?"ன்னாரு.

புந்தோங்குக்கு அதுலதான் போவணும். உதைச்சு ஸ்டார்ட் பண்ணினாரு. பின்னால வந்த புகையத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனாரு.