யாரும் சந்தேகப்படாத ஈவ்லின்

ஈவ்லினுக்கு வயது ஐம்பத்தொன்பது. ஏற்காட்டிலிருந்து வெள்ளக்கடை போகிற ரோட்டில், வளைவு தாண்டி உள்ளே தள்ளி நிற்கும் ஒன்பது ரூம் பங்களாவுக்கு அவர்தான் காவல், அவர்தான் சமையல், சாவியும் அவரிடம்தான். ஓனர் சென்னையில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாட்களில் போன் போட்டு மோட்டார் ஓடுகிறதா, மழைக்கு ஒழுகுகிறதா, நாய் சாப்பிடுகிறதா என்று விசாரிப்பார். நாய் செத்து இரண்டு வருடம் ஆகிறது. ஈவ்லின் அதைச் சொல்லியும் விட்டார். ஆனாலும் விசாரிக்கிறார், பழக்கம். ஈவ்லின் சாப்பிட்டாரா என்று கேட்கிற பழக்கம் மட்டும் ஏற்படவில்லை.

கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊரில் அவரைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்வது நம் வழக்கம். கொஞ்சம் யோசித்தால், ஒருத்தரைப் பற்றி ஒரு வம்புகூட இல்லையென்றால் ஊர் அவரைப் பற்றிப் பேசவே இல்லை என்றுதான் அர்த்தம்.

அவர் மனிதர்களைப் பார்ப்பது அன்பியத்தில். சர்ச்சின் பங்கிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் தெருவாரியாகப் பிரிந்து, மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, ஜெபம் சொல்லி, டீ குடித்துக் கலைகிற ஏற்பாட்டுக்கு அந்தப் பெயர். பைபிளுக்கு வராதவர்களும் டீக்கு வந்துவிடுவார்கள். யார் வீட்டில் கூட்டம் நடந்தாலும் டீ போடுவது ஈவ்லின். அதனால் கடைசி ஜெபம் நடக்கும்போது அவர் எப்போதும் அடுப்படியில் இருப்பார். ஆண்டவர் அடுப்படிக்கும் வருவார் என்று தலைவர் தேவசிகாமணி ஒரு தடவை சமாதானம் சொன்னார். தலைவர் வந்ததில்லை.

போன ஜூனில் அன்பியத்துக்குப் புது உயிர் வந்தது. ஜீப் ஓட்டும் ரொனால்டுக்கும் அவர் மனைவி மரியசெல்விக்கும் ஒரே மகன் மெல்வின், பெங்களூரில் வேலை. கொஞ்ச நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட, லேப்டாப்போடு ஒரு சீட்டுக்கட்டையும் கொண்டுவந்தான். ராஜா ராணி சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம் வரைந்திருந்தது. நிலா வெளிச்சத்தில் பல்லைக் காட்டுகிற ஓநாய். தொப்பி போட்ட ஊர்க்காரர், கூடை வைத்திருக்கும் ஊர்க்காரி. கண்ணாடி உருண்டையைப் பார்த்துக் குறி சொல்லும் கிழவி. பெட்டியோடு ஒரு டாக்டர்.

ஆட்டம் எளிமையானது. ஆளுக்கொரு சீட்டு, யாருக்கு என்ன என்று வெளியே சொல்லக்கூடாது. மெல்வின் "ராத்திரி ஆச்சு" என்றதும் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். ஓநாய்ச் சீட்டு வந்தவர் மட்டும் கண்ணைத் திறந்து, தின்னப்போகும் ஆளைச் சத்தமில்லாமல் விரலால் காட்டுவார். அடுத்துக் கண் திறக்கும் கிழவி ஒருத்தர் ஓநாயா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம், டாக்டர் ஒருத்தரைச் சாவிலிருந்து காப்பாற்றலாம். "விடிஞ்சுது" என்றதும் செத்தது யார் என்று மெல்வின் சொல்வான். அப்புறம் மிச்சமிருப்பவர்கள் கூடிப் பேசி, இன்னார்தான் ஓநாய் என்று விரல் நீட்டி ஒருத்தரை வெளியே அனுப்ப வேண்டும். ஓநாயை அனுப்பிவிட்டால் ஊர் ஜெயித்தது. ஓநாயும் இன்னொருவரும் மட்டும் மிஞ்சினால் ஓநாய் ஜெயித்தது. செத்தவர்கள் வாயைத் திறக்காமல் அடுப்படிக்குப் போய்விட வேண்டும்.

முதல் நாள் பெரும் குழப்பம். கண்ணை மூடச் சொன்னதும் எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சாந்தாமேரி பரலோக மந்திரத்தையே ஆரம்பித்துவிட்டார். இயேசுவின் திரு இருதயப் படத்துக்குக் கீழே குறி சொல்கிறவளை வைத்து விளையாடலாமா என்று தேவசிகாமணிக்குக் கவலை. அவளைத் தீர்க்கதரிசி என்று அழைப்பதென முடிவானதும் கவலை தீர்ந்தது. டாக்டர் சிஸ்டர் ஆனார். அடுத்த சிக்கல்தான் பெரிது. நீங்கள் ஓநாயா என்று கேட்டதும் சாந்தாமேரி, "ஆமாங்க" என்று ஒப்புக்கொண்டார். படத்துக்கு முன்னால் எப்படிப் பொய் சொல்வது? விளையாட்டில் சொல்லும் பொய் பாவத்தில் சேராது என்று தேவசிகாமணி அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாருக்கும் பொய் சரளமாக வந்தது. ஒரு வாரத்துக்குள் இப்படித் தேறுவார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

மாதம் ஒரு முறை வர மூக்கால் அழுதவர்கள் வாராவாரம் ரொனால்டு வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். விசுவாசம் பெருகிவிட்டதாகப் பங்குச்சாமியாருக்குத் தகவல் போனது.

ஈவ்லினும் வந்தார். எட்டுப் பேர் தேவைப்பட்டதால் அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஞாயிறு மத்தியானம் மூன்று மணி, வெளியே மழை, ஜன்னலுக்கு அந்தப்பக்கம் மூடுபனி, உள்ளே வட்டமாக நாற்காலிகள். அந்த வட்டத்தில் அவருக்கும் ஒரு நாற்காலி. ஐந்து ஞாயிறு ஆடினார். ஐந்து ஞாயிற்றிலும் ஒரு விரல்கூட அவர் பக்கம் நீளவில்லை.

மற்றவர்கள்மேல் எல்லாம் நீண்டது. ஆண்டனி ராஜ் கதவோரம் உட்கார்ந்ததற்காகச் சந்தேகப்பட்டார்கள். லாட்ஜில் வேலை பார்க்கும் புது மாப்பிள்ளையைச் சிரித்ததற்காகச் சந்தேகப்பட்டார்கள், அவன் பெண்டாட்டியைச் சிரிக்காததற்காக. சாந்தாமேரியைப் புதுப்புடவை கட்டியதற்காக. சந்தேகப்பட்டவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் உற்றுப் பார்த்தார்கள். "இங்க பாரு, என்னப் பாத்துச் சொல்லு" என்றார்கள். பழைய கதைகளை இழுத்தார்கள். ஈவ்லினைத் தாண்டித்தான் அந்தப் பார்வைகள் போயின, ஜன்னலைத் தாண்டிப் போகிற மாதிரி.

இதற்குப் போய் ஏங்குவார்களா என்று கேட்பீர்கள். ஒன்பது ரூமைத் தினமும் தனியாகப் பெருக்கிப் பாருங்கள். ஈவ்லினுக்கு ஜெயிக்கிற ஆசை இல்லை. வட்டத்திலிருக்கும் யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, தன் முகத்தைப் பார்த்து இவள்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் அதைக் கேட்டு வாங்க முடியாது. கேட்டு வாங்கினால் அது சந்தேகம் இல்லை, டீ.

ஆறாவது ஞாயிறு அவருக்கு ஓநாய் வந்தது.

முதல் ராத்திரி சாந்தாமேரியைக் காட்டினார். ஈவ்லினைப் பார்க்கும் போதெல்லாம் சக்கரை கம்மியாகப் போடச் சொல்வதைத் தவிர அவர் வேறு எதுவும் பேசியதில்லை. விடிந்ததும் ஊர் கூடி ஆண்டனி ராஜை அனுப்பியது, மறுபடியும் கதவோரம் உட்கார்ந்திருந்தார் என்று. இரண்டாவது ராத்திரி தேவசிகாமணி போனார். பகலில் புது மாப்பிள்ளையை அனுப்பினார்கள். மூன்றாவது ராத்திரி ஈவ்லின் புதுப்பெண்ணைக் காட்டினார். புருசன் அடுப்படியில் இருக்கும்போது அவளை இங்கே தனியாக வைத்திருக்க அவருக்கு மனசு வரவில்லை. ஓநாய்க்கும் இரக்கம் உண்டு.

இப்போது மூன்று பேர். ரொனால்டு, மரியசெல்வி, ஈவ்லின். இனி ஒரே ஒரு விரல். அடுப்படியிலிருந்து செத்தவர்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. யாரோ சுண்டல் டப்பாவைத் திறந்துவிட்டார்கள்.

ஈவ்லின் காத்திருந்தார். மூன்று பேரில் ஒருத்தர் ஓநாய் என்றால் இப்போதாவது திரும்பித்தானே ஆக வேண்டும். ரொனால்டு திரும்பினார், தன் மனைவி பக்கம். மரியசெல்வி புருசன் பக்கம். நீதான் என்று அவர், நீங்கதான் என்று இவர். மெல்வின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இந்தச் சண்டை சின்ன வயதிலிருந்து தெரியும்.

கொஞ்ச நேரம் பொறுத்த ஈவ்லின் சொல்லிவிட்டார்: "ஏனுங்க, நான்தான் ஓநாய்."

இருவரும் சண்டையை நிறுத்தினார்கள். ரொனால்டின் முகம் இளகியது.

"பாத்தியா அக்காவ. நம்ம ரெண்டு பேரும் அடிச்சுக்கக் கூடாதுன்னு பழிய அவங்க மேல போட்டுக்கறாங்க. நொம்ப நல்ல மனசுங்கக்கா உங்களுக்கு."

மரியசெல்வியும் ஆமாம் என்று தலையாட்டினார், இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள் என்றார். வேறு எந்த ஊராக இருந்தாலும் ஓநாயே ஒப்புக்கொண்டால் ஓநாயை அனுப்பியிருப்பார்கள். சிறு வயதிலிருந்து பிறர் பாவத்தைச் சுமந்தவர்களின் கதையையே கேட்டு வளர்ந்த இடத்தில், ஒப்புக்கொண்ட ஓநாய்க்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ஈவ்லின் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பட்டம் உறுதியானதுதான் மிச்சம்.

அப்புறம் ரொனால்டு விரலை நீட்டினார், மனைவிமேல்.

"இவதான். முந்தானை நுனியத் திரிச்சுக் காதுல விட்டுக் கொடையறா பாருங்க. பொய் சொல்றப்பத்தான் இதைச் செய்வா. போன மாசம் மீன் கொழம்பு தீந்துபோச்சுன்னு சொன்னப்பவும் இதே கொடைச்சல்."

மரியசெல்வி முந்தானையைப் பட்டென்று விட்டார். பொய் சொன்னது நிஜம். வெறும் ஊர்க்காரியை வைத்துக்கொண்டு தன்னைத் தீர்க்கதரிசி என்று அளந்திருந்தார். மீன் கொழம்பு விவகாரமும் நிஜம் என்று முகத்திலேயே தெரிந்தது.

ஈவ்லின் அந்த முந்தானை நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்து, குழம்பு ஒளித்து, கண்டுபிடித்து, சண்டை போட்டுச் சேர்த்த அறிவு அது. தான் பொய் சொன்னால் என்ன செய்வோம்? மூக்கைச் சொறிவோமா, குரல் இறங்குமா? பார்த்தவர் எவருமில்லாததால் அது அவருக்கே தெரியாது.

பதிலுக்குப் புருசன்மேல் நீட்டியிருந்த விரலை மரியசெல்வி மடக்கிக்கொள்ள, ஒற்றை விரலிலேயே வெளியேற்றப்பட்டார். ஓநாய் ஜெயித்தது. மெல்வின் ஈவ்லினின் சீட்டைத் திருப்பிக் காட்டியதும் அடுப்படி மொத்தமும் கூடத்துக்கு வந்து சிரித்தது, கை தட்டியது. இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு யாரோ மீன் கொழம்பை விசாரிக்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

மரியசெல்வி மட்டும் சிரிக்கவில்லை. ஈவ்லின் குடையை எடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்க நாந்தான்னு சொன்னப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு யோசிச்சுப் பாக்கறேங்கக்கா. ஞாபகமே வரல. நான் பாக்கவே இல்ல."

"பாக்கலாமில்ல கண்ணு," என்றார் ஈவ்லின்.

அடுத்த ஞாயிறு மரியசெல்வி பார்த்தார். முதல் ராத்திரி சிஸ்டர் சரியான ஆளைக் காப்பாற்றிவிட்டதால் சாவு இல்லை. விடிந்ததும் மரியசெல்வியின் விரல் நேராக ஈவ்லினிடம் வந்தது. ஈவ்லினுக்கு அன்று கூடைக்காரிதான் வந்திருந்தது. தான் ஊர்க்காரி என்று எடுத்துச் சொன்னார், கொஞ்சம் நீட்டியே சொன்னார். மரியசெல்வி முகத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, கண்ணைச் சிமிட்டவே இல்லை பாருங்கள், பொய்தான் என்றார். எல்லாரும் பார்த்தார்கள். ஏழு பேர் பார்வை ஒரே நேரத்தில் விழுந்ததில் ஈவ்லினின் காது சிவந்தது. அதுவே சாட்சியாகிவிட, ஏழு விரலும் நீண்டன.

ஆசைப்பட்டது கிடைத்தது. கிடைத்ததற்கு விலையாக, செத்து அடுப்படிக்குப் போனார். அன்றைக்கு முதல் சாவு அவருடையது என்பதால் அடுப்படியில் வேறு யாரும் இல்லை. கூடத்தில், சீட்டைத் திருப்பிப் பார்த்த மரியசெல்வி தப்புப் பண்ணிட்டேனே என்று சொல்வது கேட்டது. அடுத்த ராத்திரி வந்தது. வட்டம் சுருங்கி, காலி நாற்காலியை ஓரமாக நகர்த்துகிற சத்தம் கேட்டது. ஈவ்லின் பாலை அடுப்பில் வைத்தார். சீக்கிரம் யாராவது சாக வேண்டுமென்று அவர் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வந்தவர் ஆண்டனி ராஜ். எஸ்டேட்டில் மருந்தடித்து ரிட்டயர் ஆனவர், நான்கு வருடமாகத் தனியாள். கதவோரம் உட்காராமல் நடுவில் உட்கார்ந்து பார்த்தார், அப்போதும் ஓநாய் தின்றுவிட்டது. டீ ஆச்சுங்களா என்றார். டம்ளரை வாங்கிக்கொண்டு, இத்தனை வாரத்தில் தனக்கு ஒரு தடவைகூட ஓநாய் வரவில்லை, யாரும் நம்பவில்லை என்று குறைப்பட்டார்.

தனக்குத் தெரியும் என்றார் ஈவ்லின். பொய் சொல்ல வேண்டி வந்தால் அவர் பேச்சுக்கு முன்னால் ஒருதரம் கனைப்பார், மனைவி இறந்த வருடம், நல்லா இருக்கேனுங்க என்று எல்லாரிடமும் சொன்னபோது கனைத்துக்கொண்டே இருந்தார், விளையாட்டில் கனைத்ததே இல்லை.

ஆண்டனி ராஜ் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் பொய் சொன்னா என்ன பண்ணுவேனுங்க?" என்று கேட்டார் ஈவ்லின்.

அவர் யோசித்தார். கவனித்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அப்புறம் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு, மூக்குக்கண்ணாடியை வேட்டி ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு பொய் சொல்லுங்க, பாக்கலாம்."

பால் பொங்கி வந்தது. ஈவ்லின் அடுப்பைக் குறைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"பங்களாவுல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்க," என்றார்.