ரமோனைப் பற்றி எழுதிய ஆறு வரிகள்

1. கொன்டெய்னர்

முதல் நாள் கிரெக் என் கையில் ஒரு சாவியைத் தந்துவிட்டு, மைதானத்தின் பின்பக்கம் நின்ற கப்பல் கொன்டெய்னர் ஒன்றைக் காட்டினார்.

"அதுதான் உன்ர ஒஃபிஸ். ஏ.சி. இருக்கு. வேலை செய்யாது."

உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு கதிரை. வேறொன்றும் இல்லை.

கிரெக் எங்கள் பேஸ்போல் கிளப்பின் பந்துவீச்சுப் பயிற்சியாளர். அவர் பேசுவது ஆங்கிலம். வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் தமிழிலேயே சொல்லிப் பழகிவிட்டேன். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

மைதானம் மேற்கு சிட்னியில், பிளாக்டவுனுக்குக் கொஞ்சம் அப்பால். பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு கருவி பொருத்தியிருக்கும். பந்து என்ன வேகத்தில் வந்தது, எத்தனை தரம் சுழன்றது, எந்த இடத்தில் வளைந்தது என்று அது பதிவு செய்யும். அந்த எண்களை வீடியோவோடு சேர்த்துச் சரிபார்த்து அமெரிக்காவுக்கு அனுப்புவது என் வேலை. நமக்குக் கோடை என்றால் அங்கே குளிர்காலம். ஆட்டம் கிடையாது. அதனால் அங்குள்ள பெரிய அமைப்புகள் தங்கள் கீழ்மட்ட அணிகளில், அதாவது மைனர் லீக்கில், ஆடும் வீரர்கள் சிலரை இரண்டு மூன்று மாதம் எங்களிடம் ஆட அனுப்பும். பத்தொன்பது, இருபது வயதுக்காரர்கள். எல்லாரும் ஒருநாள் பெரிய லீக்கில் ஆடுவோம் என்று நம்புகிறவர்கள். மிகச் சிலர்தான் அதுவரை போவார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பிறகு பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரவியல் படித்தேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் பென்டில் ஹில் தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கும்போது சந்திக்கிற ஜெயா அன்ரிக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

"என்ன பிள்ளை, கிரிக்கெட்டிலயோ வேலை?"

"இல்ல அன்ரி, பேஸ்போல்."

"இவ்வளவு படிச்சுப்போட்டுப் பந்து எண்ணுறியோ?"

"எண்ணுறது மெஷின் அன்ரி. அது சரியா எண்ணுதோ எண்டு நான் பாக்கிறன்."

"அப்ப மெஷினை யூனிக்கு அனுப்பியிருக்கலாம்."

கிளப்பில் வேலை செய்த ஒரே பெண் நான். ஒருவரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. காலையில் எல்லாரும் வணக்கம் சொல்வார்கள். மத்தியானம் வெளியே மேசையில் கூடிச் சாப்பிட்டுக்கொண்டே சிரிப்பார்கள். நான் கொன்டெய்னருக்குள் அம்மா கட்டித் தந்த சோற்றை, முந்தைய ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்தபடி சாப்பிடுவேன். வராதே என்று யாரும் சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

2. வாழைக்காய்

அந்தப் பருவத்தில் வந்தவர்களில் ஒருவன் ரமோன். டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்தவன், இடதுகைப் பந்துவீச்சாளன், இருபது வயது. பதினாறு வயதிலேயே அமெரிக்க அமைப்பு ஒன்று அவனை ஒப்பந்தம் செய்துவிட்டது. அவனுடைய அண்ணனும் அதே அமைப்பில் கேச்சர். சின்ன வயதிலிருந்து ரமோன் வீசிய பந்தை எல்லாம் பிடித்தவன் அந்த அண்ணன்தான். சிட்னியில் ரமோன் நன்றாக வீசினால் அடுத்த பருவத்தில் இருவரையும் ஒரே அணியில் போடலாம் என்று அங்கே யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் அவன் வந்தான்.

அவனுக்கு ஆங்கிலம் கொஞ்சம். எனக்கு ஸ்பானிஷ் அறவே தெரியாது. இரண்டாவது வாரம் கொன்டெய்னர் வாசலில் வந்து நின்று, போனில் ஒரு படத்தைக் காட்டினான். பச்சை வாழைக்காய்.

"இது எங்க?"

கிளப்பில் என்னிடம் ஒருவர் கேட்டு, யோசிக்காமல் நான் பதில் சொன்ன முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை பென்டில் ஹில்லில் இருந்து ஒரு பை வாழைக்காய் வாங்கிப் போனேன். கிளப்பின் குசினியில் அவன் அதை அவித்து, பட்டர் போட்டு மசித்து, மேலே வதக்கிய வெங்காயத்தைப் போட்டான். அவர்களுக்கு அது காலைச் சாப்பாடாம்.

"நாங்கள் இதைப் பொரிப்பம். கறி வைப்பம். இப்பிடி மசிக்க மாட்டம்" என்றேன். என் போன் அதை ஸ்பானிஷில் சொன்னது.

"பாவம் நீங்கள்" என்று அவன் போன் எனக்குச் சொன்னது.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் நான் வாழைக்காய் கொண்டுபோவதும், அவன் சமைப்பதும், இருவரும் கொன்டெய்னரில் சாப்பிடுவதும் வழக்கமாகிவிட்டது. எனக்கு ஒரே ஒரு கதிரை இருந்ததால் அவன் பந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்காருவான். பேசியது முக்கால்வாசி போன்கள்தான். அவன் தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். ஆனால் மாலை ஆறு மணிக்கே சாப்பிட்டு முடித்து ஆளுக்கொரு அறைக்குள் போய்விடுவார்கள். தனக்கு நித்திரை வருவதில்லை என்றான். சில நாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் போல இருக்கிறது என்றான்.

"நீ வாற வரைக்கும் நானும் தனியத்தான் சாப்பிட்டனான்" என்று நான் சொன்னேன். போன் அதை மொழிபெயர்த்து முடித்ததும், அவன் தன் தட்டில் இருந்த வெங்காயத்தில் பாதியை என் தட்டுக்குத் தள்ளினான்.

3. பெட்டி

வாராந்த அறிக்கையில் எண்கள் எல்லாம் முடிந்த பிறகு, அடியில் ஒரு பெட்டி இருக்கும். ஆள் எப்படி, மனத்திடம் எப்படி, பழக்கவழக்கம் எப்படி என்று எழுதுவதற்கு. எனக்கு முன்பு இந்த வேலையைச் செய்தவர் எல்லா வீரருக்கும் 'நல்ல பையன்' என்று மட்டும் எழுதிவைத்திருந்தார். சோம்பேறி மனிதர் என்று நினைத்தேன்.

நான் எழுதுவதில் சோம்பேறி இல்லை. அதற்குக் காரணம் உண்டு. அப்பா படகில் வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தவர். விசா கிடைத்து, அம்மாவையும் என்னையும் கூப்பிட்டபோது எனக்குப் பத்து வயது. ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டதும் எங்கள் வீட்டுப் படிவங்கள் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டன. வீடு, மருத்துவம், பள்ளிக்கூடம், தெரிந்தவர்களின் விசா விண்ணப்பம் என எல்லாமே. அப்பா பக்கத்தில் இருந்து ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பார்.

"கஷ்டத்தைக் குறைச்சு எழுதாத பிள்ளை. குறைச்சு எழுதினா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டினம்."

அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. நித்திரை இல்லை, பயமாக இருக்கிறது, தனியாக இருக்கிறேன் என்று விவரமாக எழுதிய படிவங்களுக்குத்தான் பதில் வந்தது. முகாமில் தன்னிடம் வாக்குமூலம் வாங்கிய கதையையும் அப்பா சிரிப்போடு சொல்வார். "நான் சொன்னதை எழுதிப்போட்டு, மொழிபெயர்ப்பாளரை வைச்சு முதலில இருந்து கடைசி வரைக்கும் திருப்பி எனக்கே வாசிச்சுக் காட்டினவங்கள். என்ர கதைதானே, எனக்குத் தெரியாதோ? நித்திரை வந்திட்டுது."

ஆகவே ரமோனின் பெட்டியில் ஆறு வரிகள் எழுதினேன். நித்திரை குறைவு. சாப்பாடு குறைவு. மொழி தெரியாத வீட்டில் தனிமையில் இருக்கிறான். வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்கிறான். அண்ணன் அருகில் இருந்தால் நன்றாக இருப்பான். ஸ்பானிஷ் பேசும் பயிற்சியாளர் ஒருவரை வாரம் ஒருமுறையாவது அவனோடு பேசவைக்க முடியுமா?

நல்ல ஆங்கிலம். இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

"எண்கள் சரியோ?" என்று கேட்டார் கிரெக்.

"சரி."

"அப்ப அனுப்பு."

4. பாராட்டு

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாழைக்காய்ப் பையோடு கொன்டெய்னரைத் திறந்தேன். உள்ளே கிரெக் நின்றுகொண்டிருந்தார். மேசையில் அவருடைய போன். அதில் ரமோனின் அமைப்பில் இளம் வீரர்களுக்குப் பொறுப்பானவர் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்கட அனலிஸ்ட் வந்திட்டாவோ?"

"இப்பதான் வந்தவ" என்றார் கிரெக்.

"நல்ல ரிப்போர்ட் எழுதுறீங்கள். இவ்வளவு தெளிவா ஒருத்தரும் எங்களுக்கு எழுதுறேல்ல. எங்களுக்கு ஒரு மூத்த ஆட்டக்காரர் தேவைப்பட்டவர். அவரைத் தாறதுக்கு மற்ற அமைப்பு மூண்டு இளம் ஆக்களைக் கேட்டவை. ரெண்டு பேர் முடிவாயிட்டுது. மூண்டாவதா இடதுகைக்காரர் ரெண்டு பேரில ஒருத்தரை விட வேண்டி இருந்தது. எண்களில ரெண்டு பேரும் ஒண்டுதான். உங்கட நோட்ஸ்தான் முடிவெடுக்க உதவினது. நன்றி."

பாராட்டைக் கேட்டதும் எனக்கு ஒரு நொடி மகிழ்ச்சியாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதத்தான் வேண்டும். என்ன நடந்தது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

இதைத்தான் இந்தத் தொழிலில் 'டிரேட்' என்பார்கள். ஒரு வீரரின் ஒப்பந்தத்தை ஓர் அமைப்பு இன்னோர் அமைப்பிடம் கொடுத்துவிடும். மைனர் லீக் பையனின் சம்மதத்தைக் கேட்பதில்லை. காலையில் ஓர் இடத்து ஆள், மத்தியானம் வேறிடத்து ஆள். இப்போது ரமோன் ஓரிடம், அவன் அண்ணன் வேறிடம்.

கிரெக் போனை வைத்தார். "உனக்கு முந்தி இருந்தவன் ஏன் 'நல்ல பையன்' எண்டு மட்டும் எழுதினவன் எண்டு நினைக்கிறாய்?"

வாழைக்காய்ப் பையை மேசையடியில் வைத்தேன்.

"அங்க ஆரும் அதை உதவி கேட்ட கடிதமா வாசிக்க மாட்டினம். ஆளின்ர விலைச்சீட்டாத்தான் வாசிப்பினம். சரி, அவனிட்ட நான் சொல்லுறன். நீ இஞ்ச இரு."

கொன்டெய்னர் ஜன்னலால் பார்த்தேன். புல்தரையில் கிரெக் பேச, ரமோன் கையுறையைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டு நின்றான். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டானாம்: அண்ணனும் வருகிறானா?

புதிய அமைப்பு அவனை உடனே வரச் சொல்லியிருந்தது. மறுநாள் மத்தியானம் விமானம்.

5. வாளி

மத்தியானம் நானே அவனிடம் போனேன். வீரர்கள் காத்திருக்கும் டக்அவுட்டில் தனியாக இருந்து சப்பாத்தில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனை விட்டுக்கொடுக்கக் காரணமான ஆறு வரிகளையும் நான்தான் எழுதினேன் என்று மொழிபெயர்க்கும் போனிடம் சொன்னேன். போன் அதை அவனுக்குச் சொல்லி முடிக்கும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் சொன்னது உனக்கு" என்றான். "அவங்களுக்கு இல்ல."

"உதவி கேட்டுத்தான் எழுதினனான்."

"அவங்களிட்டயோ?" என்று கேட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலை புதிய அமைப்பில் இருந்து மின்னஞ்சல் வந்தது. வீரரைப் பற்றிய உங்கள் கடைசிக் குறிப்புகளை நாளைக் காலைக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். மறுபடியும் அதே பெட்டி.

இந்த முறை நான்கு வரிகள் எழுதினேன். ஒவ்வொரு நாளும் மைதானத்துக்கு முதலில் வருபவன். மழை நாளிலும் வலைக்குள் வீசுபவன். சொன்ன திருத்தத்தை ஒரே வாரத்தில் பந்தில் காட்டுபவன். பிரச்சினை எதுவும் இல்லை. முதல் மூன்றும் உண்மை. முன்பே எனக்குத் தெரிந்திருந்தும் நான் எழுதாமல் விட்ட உண்மைகள். அனுப்பும் பட்டனில் கை வைத்தேன். அப்போதுதான் அப்பாவின் கதையில் நான் எப்போதும் சிரித்துக் கடந்துவிடுகிற பகுதி ஞாபகத்துக்கு வந்தது. நித்திரை வருமளவுக்கு அவருக்குத் திருப்பி வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கஷ்டத்தை எழுதும் பழக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டு, வாசித்துக் காட்டும் வழக்கத்தை விட்டுவிட்டேன். அனுப்பாமல் கையை எடுத்தேன்.

மறுநாள் காலை ரமோன் தன் சாமான்களை எடுக்க வந்தான். வருவானோ மாட்டானோ என்று தயங்கித்தான் கூப்பிட்டேன். வந்தான். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான். போன் நான்கு வரிகளையும் அவனுக்கு வாசித்தது.

"இது ஆர்?" என்று கேட்டான்.

"நீ."

"இந்த ஆளுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையோ? பொய் மாதிரி இருக்கு. ஒருத்தரும் நம்ப மாட்டாங்கள்." கொஞ்சம் யோசித்தான். "எழுது. வீட்டை நினைக்கிறவன். அண்ணனை நினைக்கிறவன். நித்திரை குறைவு. அதை முதலில போடு. அதுக்குப் பிறகு எழுது: அப்பிடி இருந்தும் ஒருநாளும் வராம விடேல்ல."

"அதை முதலில போடச் சொல்லுறியோ?"

"முதலில மெதுவான பந்து" என்று இடது கையைச் சுழற்றிக் காட்டினான். "பிறகு வேகமான பந்து. கடைசியா வந்ததுதான் அடிக்கிறவன்ர கண்ணில நிக்கும்."

அவன் சொன்ன ஒழுங்கிலேயே எழுதினேன். திருப்பி வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லை மாற்றச் சொன்னான், மாற்றினேன். பிறகு அவனே பட்டனை அமர்த்தினான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் நின்று, முந்தின நாள் நான் கொண்டுவந்து வைத்த வாழைக்காய்ப் பையைக் காட்டினான்.

"வெங்காயம் கூடப் போடு. நீ குறைச்சுத்தான் போடுவாய்."

அந்தப் பை முடியும்வரை நானே அவித்து மசித்துச் சாப்பிட்டேன். அவன் செய்தது போல ஒருநாளும் வரவில்லை.

ரமோன் இப்போதும் மைனர் லீக்கில்தான் வீசுகிறான். அண்ணனோடு ஒரே அணியில் ஆடவில்லை. என் ஆறு வரிகள் இல்லாவிட்டால் ஆடியிருப்பானா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைச் சுமந்துகொண்டுதான் வேலைக்குப் போகிறேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஒரு மனிதரைப் பற்றி எழுதினால், அனுப்புவதற்கு முன்பு அவரைக் கூப்பிட்டு அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். நேரம் எடுக்கும். கிரெக் இன்னும் முணுமுணுக்கிறார். வீரர்களில் பாதிப்பேர் 'ஓகே, ஓகே' என்று எழுந்து போய்விடுவார்கள். மற்றவர்கள் ஒரு சொல்லையாவது மாற்றுவார்கள். சிலர் வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இருந்து எதையாவது பேசிவிட்டுப் போவார்கள்.

அவர்கள் உட்கார இப்போது கொன்டெய்னரில் இரண்டாவது கதிரை ஒன்று இருக்கிறது. ரமோன் போன அடுத்த செவ்வாய்க்கிழமை, வாழைக்காய்ப் பை இல்லாத கையில், வீட்டுக் குசினியில் இருந்து அதைத் தூக்கிக்கொண்டு போனேன்.