ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டில் படகு ஏறிய கதை

என் மகள் வயிற்றுப் பேத்தி பியூலா பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஜினியர். கடற்படைக்காகச் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவி செய்கிறார்கள். நாம் போனில் பேசுவது மாதிரிதான். ஆனால் இது பேச்சைப் பூட்டி அனுப்பும். நடுவில் எவன் பிடித்தாலும் அவனுக்கு வெறும் இரைச்சல்தான் கேட்கும். போன மாதம் ஒரு திங்கட்கிழமை தூத்துக்குடித் துறைமுகத்தில் அதிகாரிகள் முன்னால் சோதனை வைத்திருந்தார்கள். ரோந்துப் படகு எப்படி ஆடினாலும் தொடர்பு அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் டெண்டர் கிடையாது. மூன்று வருட உழைப்பு வீண். அதனால் முந்தின நாள் மணப்பாட்டுக் கடலில் ஒத்திகை பார்க்க ஒரு ஃபைபர் படகு பேசியிருந்தார்கள். பியூலா செய்த பொருளைப் பார்க்காமல் நான் வீட்டில் இருப்பேனா?

சாத்தான்குளத்தில் முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு ஏழே காலுக்கு உடன்குடி பஸ் ஏறினேன். நகரப் பேருந்து, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உடன்குடியிலிருந்து மணப்பாட்டுக்கு ஆட்டோ, இருநூற்றைம்பது ரூபாய். பேரம் பேசினால் இருநூற்றுக்கும் வருவார்கள். எனக்கு அவசரம்.

போய் இறங்கினால் கடற்கரையில் எல்லாப் படகும் வரிசையாக மணலில் கிடக்கின்றன. படகுக்காரர் மிக்கேல் வேட்டி சட்டையில் பூசைக்குப் போய்வந்த கோலத்தில் நிற்கிறார். பியூலா முகத்தில் ஈயாடவில்லை.

“ஞாயித்துக்கிழம ஊர்ல ஒரு படகும் எறங்காதும்மா. எறக்குனா நாளைக்கு எம்மூஞ்சில எவன் முழிப்பான்?” என்றார் மிக்கேல்.

“நாங்க மீன் பிடிக்கப் போகலியே அண்ணே!”

“மெசினத் தூக்கிட்டுப் போனா அதுவும் தொழில்தான தாயி.”

கம்பெனிக்காரர்கள் போனில் தேதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். இவரும் சரி என்றிருக்கிறார். என்ன கிழமை என்று இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்த எனக்கே அது உறைக்கவில்லை, யாரைக் குறை சொல்ல?

மிக்கேலின் மனைவி செலின்தான் வழி காட்டினாள். “இங்கன நின்னு அந்தப் பிள்ளைய அழ வைக்காதேயும். ஊர்க் கமிட்டில போய்க் கேட்டுட்டு வாரும்.”

எல்லாரும் போனோம். கமிட்டித் தலைவர் கோயில் வாசலில் நின்றிருந்தார்.

“கூலி பேசியிருக்கியா?”

“பேசியிருக்கேன் மாமா.”

“அப்ப தொழில்தான்.” என் பக்கம் திரும்பினார். “ஆச்சி, நீங்க கடல்ல போயிருக்கியளா?”

“காலை நனைச்சதோட சரி, அண்ணாச்சி.”

கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். “ஏலே மிக்கேலு, வலையெல்லாம் எல்லாருக்கும் தெரியுதாப்ல கரையில எறக்கி வையி. கூலி வாங்காத. ஆச்சிய ஏத்திக்கிட்டுப் போயி கடலக் காட்டிட்டு வா. விருந்தாளியக் கூட்டிட்டுப் போறது தொழில் இல்ல. அவுக கூட என்ன பெட்டி கொண்டு வாராகன்னு நாம எதுக்குக் கேக்கணும்?”

ஆக, நான் ஏறினால்தான் படகு இறங்கும். சேலைக்கு மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி என்னைத் தூக்கி வைத்தார்கள். கரையில் செலின் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

கருவி ஒரு பெரிய பானை அளவு, வெள்ளை மூடி. படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் உள்ளே இருக்கும் தட்டு ஒரே செயற்கைக்கோளைப் பார்த்தபடி திரும்ப வேண்டும். மற்ற விவரம் எதையும் எழுதக் கூடாதென்று பியூலா சொல்லிவிட்டாள். கரையோர மணல்மேட்டில் இருக்கும் சிலுவைக் கோயிலைத் தாண்டியதும் அலை பெரிதானது. படகின் மூக்கு ஏறும்போதெல்லாம் பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது. தட்டு திரும்புவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறதாம். துறைமுகத்தில் இப்படி ஆகியிருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். நான் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். அவள் மடிக்கணினியில் எதையோ மாற்றி மாற்றி அடித்தாள். படகு நான்காவது சுற்று வந்தபோது எவ்வளவு ஏறி இறங்கினாலும் விளக்கு பச்சையிலேயே நின்றது.

“ஆச்சி, பெங்களூர் ஆபீஸ் லைன்ல இருக்கு. பேசுங்க!”

“ராசா, சாப்பிட்டியா?” என்றேன்.

“சாப்பிட்டேன் பாட்டி,” என்றது வானத்திலிருந்து வந்த குரல்.

அதற்குப் பிறகு நான் வாந்தி எடுத்ததை மிக்கேல் ஊர் பூராவும் சொல்லிவிட்டார்.

மறுநாள் மணப்பாட்டிலிருந்து கம்பெனி காரில் திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடி போனோம். சுமார் அறுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு வேலை நடக்கிறது, ரோட்டிலிருந்து வேலிதான் தெரியும். துறைமுக வாசலில் என்னை உள்ளே விடவில்லை. பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு போகிறவர்கள் குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். எதிரே இருக்கும் டீக்கடை பெஞ்சைத் தவிர உட்கார வேறு இடமில்லை. மணப்பாட்டுக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். படகில் ஏறுவதானால் காலையில் இட்லி இரண்டோடு நிறுத்துங்கள்.

நாலு மணிக்கு பியூலா வெளியே வந்தாள்.

“உள்ள நடந்தத சொல்லக் கூடாது ஆச்சி.”

“சொல்லாத.”

“ஆனா விலைக் கவர் பிரிக்கிற அன்னைக்கு எங்களயும் கூப்பிட்டிருக்காங்க.”

சோதனையில் தோற்ற கம்பெனியின் விலைக் கவரை அவர்கள் பிரிக்கவே மாட்டார்கள் என்று காரில் வரும்போதே சொல்லியிருந்தாள். நான் எழுந்து, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ போடச் சொன்னேன்.

“என்ன ஆச்சி விசேசம்?” என்றார் கடைக்காரர்.

“அது ராணுவ ரகசியம், அண்ணாச்சி. சீனி தூக்கலாப் போடுங்க.”