அம்மா கவிழ்த்த பீப்பாய்

எங்கள் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதையை என் மகளுக்குச் சொல்லும்போது இப்போதும் எனக்கு நெஞ்சு படபடக்கும். வந்துவிட்டது என்று தெரிந்தும், வராமல் போயிருந்தால் என்ற பயம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். பயப்படுவதைத்தான் இன்னும் நிறுத்தவில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. றொசல்லைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரே கூரையின் கீழ் வரிசையாய் ஒட்டிய ஒற்றையறைக் காம்பராக்கள் சேர்ந்ததுதான் லயம். எங்கள் தேயிலையை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தொழிலாளிகளுக்கு ஏதோ செய்யப்போகிறார்கள், எந்த லயத்துக்கு அவசியம் அதிகம் என்று பார்க்க ஆள் வருகிறது என்றார்கள். எங்களுக்கு வேண்டியது குழாய். தண்ணீர் பிடிக்கிற பீலி கீழே, ஓடைப் பக்கம். மழையில் வழுக்கினால் குடமும் போச்சு, முட்டியும் போச்சு.

தோட்டத் தலைவர் என் பெரியப்பா. அவருக்கு மானம்தான் பெரிது.

"வெளிநாட்டு ஆளுங்க வர்ற நேரத்துல பொம்பளைங்க குடத்தத் தூக்கிக்கிட்டு நிக்கிறதா? நம்மளப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

அதனால் பெண்கள் காலையிலேயே தண்ணீர் சுமந்து, ஒவ்வொரு காம்பரா வாசலிலும் ஒரு நீலப் பீப்பாயை விளிம்புவரை நிரப்பிவிட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போனார்கள். கினிகத்தேனையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வாடகைக்கு வந்தன. குழாய் கேட்கிற லயத்தில் தண்ணீர் தளும்பலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம். பெரியப்பாவிடம் யார் கேட்பது?

வந்த வெள்ளைக்காரப் பெண்ணை அவர் துரைசாணி என்றே சொன்னார். அவள் பீப்பாய்களைப் பார்த்தாள், சிரித்தாள், ஏதோ எழுதினாள். கூட வந்த சிங்கள மிஸ் தமிழில் சொன்னார்: "இங்க தண்ணி நல்லா இருக்காம். அடுத்த டிவிசனப் பார்ப்போம்னு சொல்றாங்க."

பெரியப்பா பெருமையாகத் தலையாட்டினார். ஆட்டி முடித்த பிறகுதான் அவர் முகம் மாறியது.

அந்த நேரம் பகல் சாப்பாட்டுக்கு வந்த அம்மா அதைக் கேட்டதும் கூடையைக்கூட இறக்கவில்லை. நேராக எங்கள் பீப்பாயிடம் போய் இரண்டு கையாலும் தள்ளினாள். ஏழு நடையாகச் சுமந்த தண்ணீர் வாசலில் ஓடித் துரைசாணியின் சப்பாத்தை நனைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தண்ணி முடிஞ்சிருச்சு மிஸ். பீலிக்குப் போறேன், அவங்களும் வரட்டும்" என்று வெறுங்குடம் ஒன்றைத் துரைசாணியின் கையில் கொடுத்தாள்.

"ஒனக்கென்ன பைத்தியமா?" என்றார் பெரியப்பா.

"ஆமாங்க மாமா. தெனம் ஏழு நட நடந்தா யாருக்கும் பிடிக்கும்."

துரைசாணி போனாள். அவளை அட்டை கடித்தால்? விழுந்து தொலைத்தால்? அம்மா வேலைக்குப் பிந்தியதற்கு அரைப்பேர் போட்டுப் பாதிச் சம்பளத்தை வெட்டினால்? ஒவ்வொரு அடிக்கும் ஒரு பயத்தோடு நானும் பின்னால் போனேன். இறங்குவது சுலபம். நிறைகுடத்தோடு ஏறும்போது பாதியில் துரைசாணி நின்றுவிட்டாள், முகம் மிளகாய்ப்பழம். பெரியப்பா தலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு ஓடிவந்து சரிவில் போட்டு, ஒரு காலுக்குக் கல்லை முட்டுக்கொடுத்து, "சிட் டவுன், சிட் டவுன்" என்றார். மேலே லயமே சிரித்தது. அவளும் உட்கார்ந்து சிரித்தாள். பிள்ளைத்தாய்ச்சியான என் சித்தி இரண்டு குடத்தோடு அவளைத் தாண்டி ஏறிப்போனதும் சிரிப்பு நின்றது. எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினாள்.

அடுத்த சித்திரைக்குள் குழாய் வந்துவிட்டது! திறக்கிற அன்றைக்குத் துரைசாணியும் மிஸ்ஸும் வந்திருந்தார்கள். அம்மாதான் திறக்கவேண்டும் என்று துரைசாணி சொல்லிவிட்டாளாம். அம்மா திருகினாள். தண்ணீர் சீறிப் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியை நனைத்தது. பெண்கள் போட்ட குலவை எதிர்மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

நான் மனப்பாடம் செய்த நன்றியைச் சொன்னேன். பெரியப்பா குனிந்து கும்பிட்டார். அம்மா கும்பிடவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துத் துரைசாணியிடம் நீட்டினாள்.

"எங்க தேயிலைக்கு நியாயமா வரவேண்டிய வெலைக் காசுலதான் இது வந்திருக்கு மிஸ். எங்க தண்ணி. நல்லா குடிக்கச் சொல்லுங்க."

மிஸ் அதை அப்படியே சொல்லிவிட்டார். துரைசாணி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. தர்மம் செய்தவர்களிடம் இப்படியா பேசுவது? கோபித்துக்கொண்டு குழாயைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால்? அதற்குப் பிறகு ஒரு மாதம், எழுந்ததும் முதல் வேலையாக ஓடிப்போய்த் திருகிப் பார்ப்பேன். தண்ணீர் வரும். எனக்கு ஆச்சரியமாக இருக்கும். அம்மா மட்டும் குடத்தை வைத்து, திருகிவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி கொண்டையை முடிந்துகொண்டு நிற்பாள். அவளுக்கு ஏன் பயமே இல்லை என்பது எனக்கு அப்போது விளங்கவே இல்லை.