பிரெஞ்சுக் கிராமத்து முறைப்பாடுகளுக்கு நினாவைக் கூப்பிடுங்கோ

முதல்ல மன்னிப்புக் கேள், பிறகு என்ன நடந்ததெண்டு கேள்: முறைப்பாட்டு லைனில வேலைக்கு வாற ஆக்களுக்குப் படிப்பிக்கிறது இவ்வளவுதான். "ஹலோ" எண்டு சொல்லி வாங்கிக் கட்டினவை எல்லாருக்கும் இது விளங்கும், உங்களுக்குத்தான் எழுதுறன். டென்மார்க்கில, கோல்டிங் எண்ட ஊரில படிச்சுக்கொண்டு பின்னேரங்களில நான் போன கொம்பனி, பிரான்ஸ் கிராமங்களில இருக்கிற பழைய பண்ணைவீடுகளை டேனிஷ்காரருக்கு விடுமுறைக்கு வாடகைக்குக் குடுக்கிறது. கல்லுவீடு, விறகடுப்பு, முற்றத்தில அத்திமரம், சந்தைச் சீஸ். "எளிய வாழ்க்கை" எண்டு கட்டலொக்கில போட்டிருக்கும். அந்த எளிய வாழ்க்கையில எது பிழைச்சாலும் ஃபோன் எனக்குத்தான் வரும். நான் பிரான்ஸில பாத்ததெண்டால் பாரிஸில ஒரு சாமத்தியவீட்டு மண்டபமும் அதின்ர கார் பார்க்கும்தான்.

இது வன்னியில சண்டை முடிஞ்ச வருசம். அம்மாவின்ர தங்கச்சி, என்ர சின்னம்மா, புருசனோடயும் மகன் கண்ணனோடயும் உள்ளுக்கை மாட்டுப்பட்டு நிண்டா. மாசியில ஒருக்கால் கதைச்சா, பிறகு சத்தமில்லை. அவவுக்குப் பாடமாத் தெரிஞ்ச ஒரே வெளிநாட்டு நம்பர் என்ர கைஃபோன் நம்பர். கொம்பனியிலயோ, சொந்த ஃபோனை வாசலடி அலுமாரியில வைச்சுப் பூட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கை போகலாம்.

வாசலில மரக்கறி

ஒரு மனிசன் பயந்துபோய் எடுத்தார். மூண்டு நாளா விடியக்காலமை ஆரோ கதவடியில சாமான் வைச்சிட்டுப் போகினமாம். முதல் நாள் ஒரு பிடி முள்ளங்கி, அடுத்த நாள் வெங்காயத்தாள், இண்டைக்கு முட்டை, அதுவும் கோழிப்பீ ஒட்டினபடி. எனக்குத் தெரிஞ்ச பள்ளிக்கூடப் பிரெஞ்சில வீட்டுக்காரிக்கு அடிச்சுக் கேட்டன். பக்கத்து வளவுக்காரராம், தோட்டத்தில கூட விளைஞ்சால் அயலுக்குக் குடுக்கிறவராம்.

கட்டலொக்கின்ர முதல் பக்கத்திலயே "அயலவரின் அன்பு" எண்டு கொட்டை எழுத்தில கிடக்கு. அதை நம்பித்தான் இவரும் போனவர். அன்பு கதவடிக்கு வந்தவுடனை கதவைப் பூட்டிப்போட்டு எனக்கு ஃபோன் அடிக்கிறார். எங்கட மாடியில அம்மா நத்தாருக்கு முன்வீட்டுக்குக் குடுத்த பலகாரத்தட்டைக் கண்டு அவையளும் இப்பிடித்தான் கலங்கியிருப்பினம் போல. "ஒண்டுக்கும் யோசிக்காதையுங்கோ, சமைச்சுச் சாப்பிடுங்கோ" எண்டன். மனிசன் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சரி, ஆனா அந்தாளுக்கு எங்களிட்ட என்ன வேணும்?"

நினா

என்ர பேர் நிரோஜினி. அதைக் கேட்டால் வாடிக்கையாளருக்குக் களைக்குதெண்டு மேலாளர் சுசன்னா எனக்கு "நினா" எண்டு பேர் வைச்சா. நான் விடேல்லை. "வாயில நுழையாத பிரெஞ்சு ஊர்ப்பேரெல்லாம் தேடிப் பிடிச்சுச் சொல்லுகினம், என்ர பேருக்கு மட்டும் களைப்போ?" எண்டு கேட்டன். சுசன்னா சிரிச்சா. அடுத்த நாள் என்ர மேசையில "நினா" எண்டு ஒரு அட்டை நிண்டுது.

அந்தக் கிழமையே ஒரு மனுசி, புகைபோக்கியால புகை போகுதில்லையெண்டு எடுத்தா. எந்தத் தகட்டை எந்தப் பக்கம் இழுக்கவேணுமெண்டு சொன்னன், புகை போயிட்டுது. மனுசிக்குப் பெரிய சந்தோசம். "நல்லகாலம், இந்த முறை ஒரு டேனிஷ் பிள்ளை எடுத்தது. போன கிழமை ஒரு வெளிநாட்டுக்காரி, ஒரு சொல்லும் விளங்கேல்லை" எண்டா. வாயைப் பொத்திக்கொண்டு இருக்க எனக்குத் தெரியாது. "போன கிழமையும் நான்தான், என்ர சொந்தப் பேரில எடுத்தனான்" எண்டன். மனுசி உடனை சொன்னா: "அப்ப ஒரு கிழமையில நல்லா முன்னேறியிருக்கிறாய்!"

ரெண்டு கோடு சிக்னல்

வைகாசித் தொடக்கத்தில ஒருத்தி அடிச்சா. கட்டலொக்கில சிக்னல் இல்லாத வீடெண்டு போட்டிருக்காம், ஆனா மேல்மாடி யன்னலடியில ரெண்டு கோடு வருதாம். புருசன்காரன் நாள் முழுக்க அங்கயே நிண்டு தன்ர வேலைக் கந்தோரோட கதைக்கிறாராம். "ஒருத்தராலயும் எங்களைப் பிடிக்கேலாத இடம்தான் நாங்கள் கேட்டனாங்கள்" எண்டு அழுவாரைப்போலச் சொல்லுறா. நான் "யன்னலைப் பூட்டுங்கோ, இல்லாட்டி மனிசனைப் பூட்டுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன்.

கதைக்கிறதெல்லாம் பதிவாகிறது. அதைக் கேட்டிட்டுச் சுசன்னா கூப்பிட்டா. அண்டைக்கு டேனிஷ்காரர் 1945இல தங்கட யுத்தம் முடிஞ்சதை நினைச்சு யன்னல்களில மெழுகுதிரி கொளுத்திற நாள், அவ கந்தோர் யன்னலில வரிசையா அடுக்கிக்கொண்டு நிக்கிறா. நான் சின்னம்மாவின்ர கதையைச் சொன்னன். என்ர ஃபோன் மேசையில கிடக்கட்டும், அது ஒண்டுதான் கேட்டன். அவவுக்குக் கண்ணும் கலங்கினதுதான். கலங்கினபடியே அடுத்த திரியைக் கொளுத்திக்கொண்டு சொன்னா: "நினா, ஒராளுக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும்."

எல்லாற்ற சின்னம்மாவுமோ செல்லடிக்குள்ள நிக்கினமெண்டு கேட்டன். அவ மிச்சத் திரியளை எண்ணத் தொடங்கினா. அடுத்த நாளிலயிருந்து ஃபோனை மேசையிலயே வைச்சன், வேலையால நிப்பாட்டினால் நிப்பாட்டட்டும்.

கேக்

பக்கத்துக் கதிரையில இருக்கிற யோனாஸ் சில்க்போர்க் ஊர் டேனிஷ் பெடியன், நல்லவன். சண்டை முடிஞ்சுதெண்டு அறிவிச்ச அண்டைக்கு அவன் ஒரு கேக்கோட வந்தான், மேல, டேனிஷ்காரற்ற பிறந்தநாள் வழமைப்படி, சின்னச் சின்னக் கடதாசிக் கொடியெல்லாம் குத்தி. ஆருக்கோ பிறந்தநாளெண்டு நினைச்சன். நேர என்ர மேசைக்குக் கொண்டுவந்து வைச்சு, "வாழ்த்துக்கள்! காலமை ரேடியோவில கேட்டன், உங்கட நாட்டில யுத்தம் முடிஞ்சிட்டுதாம்!" எண்டான். பின்னால ஆரோ கையும் தட்டிச்சினம்.

எங்கட வீட்டில விடியத் தொடக்கம் அம்மா தலையும் இழுக்காமல் டிவிக்கு முன்னால நிலத்தில இருக்கிறா. சின்னம்மா, சித்தப்பா, கண்ணன், மூண்டு பேரின்ர பேரையும் ஒருத்தரும் வாயால சொல்லேல்லை. நான் கேக்கைத் தூக்கிக் கொடியோட குப்பைக்குள்ள போட்டன். யோனாஸின்ர முகம் சிவந்துபோச்சு. கோவமில்லை, அவனுக்கு உண்மையிலயே விளங்கேல்லை. மெல்லக் கேட்டான்: "ஆனா முடிஞ்சது நல்லதுதானே?"

திங்கக்கிழமைப் பாண்

பிறகொரு திங்கக்கிழமைப் பின்னேரம் ஒராள் எடுத்தார். ஊரில இருக்கிற ஒரே பேக்கரி திங்கக்கிழமையில பூட்டாம். கக்கத்துக்குள்ள சுடுபாணை இடுக்கிக்கொண்டு ஒழுங்கையால நடந்து வாறதுக்கெண்டே இவ்வளவு தூரம் கார் ஓடிப் போனவராம். "இதை ஏன் ஒருத்தரும் முன்னமே சொல்லேல்லை?" எண்டு அவர் கேட்டுக்கொண்டு இருக்கேக்க என்ர ஃபோன் மேசையில துடிச்சுது. இலங்கை நம்பர். அவருக்கு, காத்திருக்கிறவைக்குப் போடுற அக்கோர்டியன் பாட்டைப் போட்டுவிட்டு எழும்பினன். சுசன்னா பாத்துக்கொண்டுதான் நிண்டா.

"பிள்ளை நிரோ, சின்னம்மா கதைக்கிறன்."

முகாமுக்குள்ளயிருந்து, ஆரின்ரயோ ஃபோனில. எனக்கு அழுகை வரேல்லை. வாய் பழக்கத்தில தன்ர வேலையைத் தொடங்கிட்டுது, வீடு சரியில்லையெண்டு எடுக்கிற ஆக்களிட்டக் கேக்கிற அதே கேள்வியள்: "இருக்கிற இடம் சரியோ? தண்ணி வருதோ? ஒரு அறையில எத்தினை பேர்?"

அங்கால ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டுது. "அறையோ? என்னடி, நிவாரணக்காரர் மாதிரிக் கேள்வி கேக்கிறாய்?"

"சித்தப்பா எங்க? கண்ணன்?"

"பின்னால சனம் லைனில நிக்குது, பிள்ளை. நான் வந்திட்டனெண்டு அம்மாட்டச் சொல்லு. மற்றதை இப்ப கேக்காதை."

கட்டாப்போச்சு. சுசன்னா என்ர முகத்தைப் பாத்தா, அலுமாரியைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லை. மேசை ஃபோனில லைட் மின்னிக்கொண்டே நிண்டுது. கதிரையில குந்தி அதை அமத்தினன். படிப்பிச்சபடி முதல்ல மன்னிப்புக் கேட்டன். அந்த மனிசனுக்குக் கோவமே இல்லை. "பரவாயில்லை, பாட்டு நல்லாயிருந்தது. ஆனா சொல்லு பாப்பம், இண்டைக்கு ராவைக்கு இந்தச் சீஸை நாங்கள் என்னத்தோட சாப்பிடுறது?"

முறைப்பாடு சொல்ல ஒரு நம்பர் இருக்கிற ஆக்களுக்குத்தான் முறைப்பாடே வரும், இந்த வேலையில நான் கண்டது அவ்வளவுதான்.