ஒரே வீட்டில் இரண்டு பள்ளிக்கூடங்கள்

மே மாதத்து வெள்ளிக்கிழமை. காலை ஆறேகாலுக்குத் திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் காரைக்குடி வண்டி ஏறினோம். தொண்ணூறு கிலோமீட்டர், ஆளுக்கு எழுபத்தெட்டு ரூபாய். நான், மனைவி சுதா, பத்து வயது மகள் நிலா. செட்டிநாட்டுக்குப் போகிறவர்கள் வீடு பார்க்கப் போவார்கள், இல்லையென்றால் சாப்பிடப் போவார்கள். நாங்கள், பிள்ளைகளை வீட்டில் வைத்தே படிக்கவைக்கும் ஒரு குடும்பத்தில் வாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் போனோம்.

போன வருடம் நிலாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தினோம். வீட்டுக்கல்வி பற்றி அகப்பட்ட புத்தகங்களையெல்லாம் படித்தேன். ஒவ்வொன்றையும் முடித்ததும் வேறு ஆளாக எழுந்தேன். ஜூலையில் மணி அடித்துப் பாடம் நடத்தினேன். செப்டம்பரில் குழந்தையின் ஆர்வத்தைப் பின்தொடர்ந்தேன். ஆர்வம் கட்டிலுக்கடியில் போய்த் தூங்கிவிட்டது. ஜனவரியில், எல்லாப் பாடங்களையும் தோட்டத்திலிருந்தே கற்பிப்பது என்று முடிவானது. எங்கள் தோட்டம் ஒரு கற்றாழைத் தொட்டி.

இதற்கிடையில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்திருந்தது. வேண்டுமா, வேண்டாமா என்று அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

“நமக்கு ஒத்துவர்ற மாதிரி ஒரு வாரம் கிடைச்சாச் சரி. இல்லைன்னா சேத்துடப் போறேன்,” என்றாள் சுதா, கீரனூர் தாண்டும்போது. நிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பள்ளிக்குத் திரும்ப விருப்பமில்லை. வீட்டில் நடப்பதும் பிடிக்கவில்லை. இரண்டையும் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள், எங்களிடம் சொன்னதில்லை.

எட்டே முக்காலுக்குக் காரைக்குடி.

“எங்குட்டுப் போகணும்?” என்றார் ஆட்டோக்காரர். தெருவைச் சொன்னேன். “ரெண்டு ஆச்சியும் வீட்டுலயே புள்ளைகளுக்குப் பாடம் நடத்துறாகளே, அங்கயா? ஏறுங்க, நூறு ரூவா. உங்க பாப்பாவச் சேக்க வந்தீகளா?”

“இல்லீங்க, சும்மா பாக்க.”

“பாக்கத்தான் எல்லாரும் வாராக. திரும்பிப் போகையில ஒருத்தரும் வாயத் திறக்கிறதில்ல.”

வாசலிலிருந்து முதல் முற்றத்தைக் கடந்து இரண்டாம் முற்றத்துக்குப் போனோம். இந்தப் பக்கத்தில் கல்யாணமான பெண்களை மரியாதைக்கு ஆச்சி என்பார்கள். அந்த வீட்டு அண்ணன் மனைவி மெய்யம்மை ஆச்சிக்குக் கிழக்கு அறை; தம்பி மனைவி உமையாளுக்கு எதிரே மேற்கு அறை. கிழக்கே ஆச்சியின் மகள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து தமிழ் எழுதிக்கொண்டிருந்தாள். மேற்கே உமையாளின் மூத்த மகன் மிக்ஸியைக் கழற்றிப் பரப்பியிருந்தான். இளையவன் அதன் நடுவே படுத்துக் கதைப்புத்தகம் படித்தான். தரையில் பதித்திருந்த, கட்டமும் பூவுமான ஆத்தங்குடிக் கற்களை வைத்து வடிவியல் கற்பார்கள் என்ற நம்பிக்கையில், மூத்தவனிடம் அதைக் கேட்டேன்.

“அது தரைங்க,” என்றான்.

“முதல்ல ஒண்ணாத்தான் நடத்தினோம்,” என்றார் ஆச்சி. “எனக்கு ஒம்பதுன்னா ஒம்பது. இவ பத்தரைக்குத்தான் புள்ளைகளைக் கூட்டியாருவா.”

“அதுக்குள்ள ஆச்சி நாலு பாடம் முடிச்சிருப்பாக. அஞ்சாவது பாடம் எனக்கு நடக்கும்,” என்றார் உமையாள்.

“நடத்தாம? ஆறு மாசம் பாத்தேன். அப்புறம் வேறு வச்சுட்டோம்.”

இந்தப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானதும் அவனையும் மனைவியையும் தனிச் சமையலுக்கு வைப்பார்கள். அதுதான் வேறு வைப்பது. வீடு ஒன்று, வாசல் ஒன்று, நல்லது கெட்டதும் ஒன்று. அடுப்பு மட்டும் தனி. கோபித்துக்கொண்டு பிரிவதல்ல இது. கோபம் வராமலிருக்க முன்கூட்டியே செய்துகொள்வது. ஓரகத்திகள் இருவரும் அதைப் பாடத்துக்கும் நீட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை சந்தைக்கு மட்டும் எல்லாரும் சேர்ந்து போவார்களாம்.

இரண்டு அறைச் சுவர்களிலும் வார அட்டவணை தொங்கியது. படமெடுக்கக் கைபேசியை எடுத்தேன்.

“ஆச்சியோடதா, என்னோடதா? எதைக் கொண்டுபோனாலும் உங்க வீட்டுல வேகாதுங்க,” என்றார் உமையாள். “அங்க யாரு பாடம் நடத்துறது?”

“நாங்க ரெண்டு பேரும்,” என்றோம் நானும் சுதாவும், ஒரே குரலில்.

“ஒரே நேரத்துலயா?” என்றார் ஆச்சி.

அப்போதுதான் நிலா பேசினாள். “அம்மா பின்னம் சொல்லிக்கொடுப்பாங்க. புரிஞ்சிடும். உடனே அப்பா வந்து, இதைவிட அழகா ஒரு வழி இருக்கும்பாங்க. அழகாத்தான் இருக்கும். ஆனா முதல்ல புரிஞ்சது போயிடும்.”

சுதா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வருடத்து நியாயம் இருந்தது.

“அப்பா கதை சொன்னா அம்மா நடுவுல வந்து திருத்துவாங்க,” என்று நிலா தொடர்ந்தாள். இப்போது சுதாவின் பார்வை தரைக்குப் போயிற்று.

“இவுகளுக்கும் வேறு வச்சாத்தான் ஆகும்டி,” என்றார் ஆச்சி, ஓரகத்தியிடம்.

மதியம் கிழக்கே சோறு, மேற்கே பாயசம். ஒரு பக்கம் மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப முடியாது.

மூன்றேமுக்கால் பேருந்து. அவர்களுக்கு அறைகள் ஏராளம். எங்கள் திருச்சி வீட்டில் சமையலறையை விட்டால் இரண்டே அறை. கிழக்கு மேற்கு பிரித்தால் யாராவது ஒருவர் குளியலறையில் நின்று வரலாறு நடத்த வேண்டும். ஆனால் ஏழு நாள் எங்கள் வீட்டிலும் உண்டு. சுதா அதைத்தான் பிரித்தாள்.

“திங்கள், செவ்வாய் எனக்கு. புதன், வியாழன் உங்களுக்கு. என் நாள்ல நீங்க வாயத் திறக்கக் கூடாது.”

“தப்பாச் சொல்லிக்கொடுத்தாக்கூடவா?”

“தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்.”

“எனக்கு வேறு வைக்க மாட்டீங்களா?” என்றாள் நிலா.

திருமயம் வரை யோசித்தோம். வெள்ளிக்கிழமை அவளுடையது என்று முடிவானது. என்ன படிப்பது, படிப்பதா என்பது உட்பட.

நாலேமுக்காலுக்கு, புதுக்கோட்டைக்குச் சற்று முன்னால், சுதா பள்ளி அலுவலகத்தைக் கூப்பிட்டு இடம் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டார்கள். காரணம் என்னிடம் இருந்தது. முன்னுரையோடு நாற்பது நிமிடம் வரும். கை நீட்டினேன்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமைப்பா,” என்று நிலா போனை வாங்கிக்கொண்டாள்.

“சார், எங்க வீட்டுல இப்ப மூணு பேரும் வேறு வச்சுக்கிட்டோம். அதனால வரல.”

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “சரிம்மா, அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துடறேன்,” என்றார். எனக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. புதன்கிழமை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.